கறுத்த வாழைப்பழமும் கைப்பிடிக் கச்சானும்



பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கம். வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினாராம். அதன் சாரம் இதுதான்:

"அக்கா, என் மகள் பட்டணத்துப் பள்ளியில் படிக்கிறாள். மே 16 ஆசிரியர் தினத்துக்கு ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவர வேண்டும் என்று வகுப்பில் முடிவு செய்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் கடை கேக் கொண்டுவருவார்களாம். 'அன்னைக்கு எனக்கு வயித்துவலின்னு சொல்லிடுங்கம்மா' என்கிறாள். எங்கள் வீட்டில் கேக் சுடும் அடுப்பு இல்லை. கடனோடு கடனாக ஒரு கேக் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா? வீட்டிலேயே செய்ய ஏதாவது வழி இருக்கிறதா?"

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். ஏனென்றால், இந்தக் கேள்வி ஒரு காலத்தில் என் வீட்டிலும் எழுந்தது.

அது 1976ஆம் ஆண்டு. நான் அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஆண்டு முடிவில் வகுப்பில் விருந்து. என் பிள்ளை வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? பட்டணத்துக் கடையில் கடன் சொல்லி, பூப்போட்ட கிரீம் கேக் ஒன்று வாங்கினேன். அது என்னுடைய இரண்டு நாள் சம்பளம். கடைக்காரர் 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நல்ல மழை. செம்மண் பாதையில் ஒரு மைல் நடந்து, கூட்டம் நெரியும் பஸ்ஸில் ஏறி, என் மகள் அந்தப் பெட்டியைச் சுமந்து போனாள். போய்ச் சேர்ந்தபோது பூவும் இல்லை, கிரீமும் இல்லை. அட்டைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்ட ஒரு கூழ்தான் இருந்தது. அவள் அதை மேசையில் வைக்கவே இல்லை. சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். கேக் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. 555 புத்தகத்திலிருந்த கடன் தீர இரண்டு மாதம் ஆயிற்று.

எங்கள் லயத்தில் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். முன்பு துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். நான் அழுததைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி ஏண்டி கண்ணைக் கசக்குற? அடுப்புதான் துரை வீட்டுல இருக்கு. சூடு எல்லார் வீட்டுலயும் இருக்கு" என்றார். அன்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஈஸ்ட் வேண்டாத திடீர் ரொட்டி

கடை ரொட்டி உப்புவது ஈஸ்ட்டால். மாவைப் பிசைந்து, மூடி வைத்து, மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? நான் சொல்லும் ரொட்டிக்குப் பிசைவதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் சேர்ந்து அதை உப்ப வைத்துவிடும். கலந்தவுடன் சுட வேண்டியதுதான். ரொட்டி என்று பேரே தவிர, பார்வைக்கும் ருசிக்கும் கேக்கின் தங்கைதான்.

இந்தப் பேக்கிங் பவுடருக்குப் பின்னால் ஒரு நல்ல குடும்பக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் மாவைக் கண்டுபிடித்தார். பிறகு 1843இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்ப வைக்கப் பேக்கிங் பவுடரைச் செய்தார். மனைவியும் தன்னோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்பட்டதால் உலகத்துக்கே நன்மை கிடைத்தது. நம் வீட்டு ஆண்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்!

வாழைப்பழ ரொட்டி பிறந்த கதையோ வறுமையின் கதை. 1930ஆம் ஆண்டுகளில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. நம் பாட்டன் பாட்டிமாரில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து, கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் சமையல் புத்தகங்களில் வாழைப்பழ ரொட்டி பரவலாக இடம்பெறத் தொடங்கியது. கறுத்துப்போன பழத்தையும் வீசி எறிய மனம் வராத காலம் அது. ஆகவே, கறுத்த பழத்தை எடுத்துச் சமைப்பதை யாரும் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

எந்தப் பழம்? எந்தக் கச்சான்?

தோல் மஞ்சளாக இருக்கும் அழகான பழம் இதற்கு ஆகாது. தோல் கறுத்து, தொட்டால் குழையும் பழம்தான் வேண்டும். காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. கறுத்த பழத்தில் இனிப்பும் அதிகம், மணமும் அதிகம். சீனியையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், பூஞ்சணம் பூத்ததும், புளித்த கள் வாடை அடிப்பதும் வேண்டாம்.

பீசாங் மாஸ், பெராங்கான், ரஸ்தாளி மூன்றும் நன்றாக வரும். பீசாங் தாண்டோக்கில் மாவுச்சத்து அதிகம். அதைப் பொரிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் வாழைத்தார் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டால் என்ன செய்வது என்று திண்டாடுகிறோமே, அப்போது இது கைகொடுக்கும்.

அடுத்தது கச்சான். பாதாம், வால்நட் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நமக்குக் கச்சான் போதும். ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்றே பெயர்பெற்ற இடத்தில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கச்சான் வறுத்து விற்றுவருகிறார்கள். கச்சான் நமக்குப் புதிதா என்ன?

ஆனால், ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மழைக் காலத்தில் ஈரம் பட்டு, நிறம் மாறி, பூஞ்சை வாடை அடிக்கும் கச்சானை ஒரு பிடிகூடப் போடாதீர்கள். அந்தப் பூஞ்சையில் அப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். 1960இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கச்சான் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் உலகம் இந்த நஞ்சை அறிந்துகொண்டது. 1988இல் நம் பேராக் மாநிலத்திலேயே 13 குழந்தைகள் நூடல்ஸ் சாப்பிட்ட பிறகு இறந்துபோனார்கள். அந்த விசாரணையிலும் இந்த நஞ்சின் பெயர் அடிபட்டது. வறுத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அது முழுவதும் அழியாது. நாற்றமடிக்கும் கச்சானைக் கோழிக்கும் போடாமல் குப்பையில் கொட்டுங்கள். சிக்கனம் வேறு, இது வேறு.

தேவையான பொருள்கள்

கோதுமை மாவு – 250 கிராம் (பழைய கணக்கில் அரைக் கட்டிக்குச் சற்றுக் குறைவு)
நசுக்கிய வாழைப்பழம் – ஒன்றரைக் கப் (பீசாங் மாஸ் என்றால் 7 அல்லது 8, பெராங்கான் என்றால் 4)
சீனி – 120 கிராம்
மார்ஜரின் – 100 கிராம், அல்லது சமையல் எண்ணெய் அரைக் கப்
முட்டை – 2
பேக்கிங் பவுடர் – ஒன்றரைத் தேக்கரண்டி
சமையல் சோடா – அரைத் தேக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டி
வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக இடித்த கச்சான் – 100 கிராம்
உலர்ந்த திராட்சை – 75 கிராம்
ஏலக்காய் – 3

முட்டை சேர்க்காதவர்களும் வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் முட்டைக்குப் பதில் அரைக் கப் கெட்டித் தயிர் ஊற்றலாம். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து நன்றாகவே உப்பும்.

பேக்கிங் பவுடர் நம் நாட்டு ஈரக் காற்றில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். வெந்நீரில் கால் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். சுறுசுறு என்று நுரைத்தால் நல்லது. சும்மா கரைந்துபோனால் புதிதாக வாங்குங்கள்.

அடுப்பில்லாத அடுப்பு

கனமான, வாய் அகன்ற சட்டி ஒன்றும், அதற்குப் பொருத்தமான மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய அலுமினியச் சட்டியும், ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியும் இதற்குக் கூடாது. மணலை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஓர் அங்குல உயரத்துக்குச் சட்டியில் பரப்புங்கள். மணல் கிடைக்காவிட்டால் கல்லுப்பு போடலாம். மணலின் மேல் ஓர் இரும்பு வளையம் வையுங்கள். ரொட்டிப் பாத்திரம் இந்த வளையத்தின் மேல்தான் உட்கார வேண்டும். மணலைத் தொட்டால் அடி கருகிவிடும். மணல் சூட்டைப் பிடித்துவைத்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொடுக்கும். அதுதான் சூட்சுமம்.

ரொட்டி சுடத் தனிப் பாத்திரம் வாங்க வேண்டாம். எவர்சில்வர் தூக்குச்சட்டியின் அடுக்குகளே போதும். மேலே சொன்ன அளவுக்கு இரண்டு அடுக்குகள் வேண்டியிருக்கும். ஏழு அங்குல வட்டத் தட்டு இருந்தால் ஒன்றே போதும். பிளாஸ்டிக் பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள். சாயம் பூசிய தகர டின்னில் சுடாதீர்கள்.

செய்முறை

முதலில் சட்டியை மூடி, நடுத்தரத் தீயில் 15 நிமிடம் சூடேற்றுங்கள். அந்த நேரத்தில் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

பாத்திரத்தில் மார்ஜரின் தடவி, மாவு தூவித் தட்டிவிடுங்கள். கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். திராட்சையையும் கச்சானையும் ஒரு கரண்டி மாவில் புரட்டி வையுங்கள். அப்போதுதான் அவை அடியில் போய்த் தங்காது.

வேறொரு சட்டியில் உருக்கிய மார்ஜரினையும் சீனியையும் அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, நசுக்கிய பழத்தையும் கலந்துகொள்ளுங்கள். இதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். மாவை இதில் கொட்டி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். பதினைந்து, இருபது புரட்டு போதும். அங்கங்கே சின்னக் கட்டிகள் தெரிந்தால் தெரியட்டும். வழவழப்பாக வரவேண்டும் என்று கலக்கிக்கொண்டே இருந்தால் மாவில் பசைத்தன்மை ஏறி, ரொட்டி ரப்பர் மாதிரி ஆகிவிடும். ரப்பரோடு நாம் பட்ட பாடு போதாதா? கடைசியாகக் கச்சானையும் திராட்சையையும் சேர்த்து, பாத்திரத்தில் முக்கால் அளவுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுங்கள். உடனே சட்டிக்குள் வைத்து மூடுங்கள். காத்திருந்தால் சோடாவின் வேகம் போய்விடும்.

கேஸ் அடுப்பானால் தீயைக் குறைத்துவிடுங்கள். 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். சிறிய அடுக்குகள் 40 நிமிடத்திலேயே வெந்துவிடலாம். விறகடுப்பானால் கொழுந்துவிட்டு எரியும் தீ கூடாது; கனல் மட்டும் போதும். தட்டையான மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் கொஞ்சம் போட்டால் ரொட்டியின் மேல்பக்கமும் சிவக்கும். நம் மலாய்ச் சகோதரிகள் குவே பாவ்லு சுடும்போது மேலும் கீழும் கனல் போடுவார்களே, அதே முறைதான். கரியடுப்பை அடைத்த அறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். அதன் புகை ஆளைக் கொல்லும். அவன் இருக்கும் வீட்டில் 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

முதல் 35 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. பிறகு தென்னை ஈர்க்குச்சி ஒன்றைக் கழுவி நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழுங்கள். முழுவதும் ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும்.

ஏன் இப்படி ஆயிற்று?

நடுவில் குழி விழுந்துவிட்டதா? மூடியை முன்னதாகத் திறந்திருப்பீர்கள், அல்லது சோடா கூடியிருக்கும். அடி கருகி உள்ளே வேகவில்லையா? தீ அதிகம். மேல்பக்கம் வெளுத்திருக்கிறதா? சட்டியில் சுட்டால் அப்படித்தான் இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. சோப்பு மாதிரி ருசிக்கிறதா? சோடாவைக் கண்ணளவில் போட்டிருப்பீர்கள். கரண்டியால் அளந்து, தலைதட்டிப் போடுங்கள்.

செய்த அன்றைக்குவிட மறுநாள் இதன் ருசி கூடும். ஆகவே முதல்நாள் இரவே சுட்டுவைக்கலாம். நன்றாக ஆறவைத்து, பிஸ்கட் டின்னில் மூடிவையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும், அதற்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும்.

இன்னும் மூன்று எச்சரிக்கை. சின்னக் குழந்தைகளுக்குக் கச்சான் தொண்டையில் சிக்கும். அவர்களுக்கென்றால் பொடியாக இடித்துப் போடுங்கள். சில பிள்ளைகளுக்குக் கச்சான் அடியோடு ஆகாது, உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் முன் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கச்சான் இல்லாமலே சுடுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் பழம்தானே என்று ஏமாந்துவிட வேண்டாம். இதில் மாவும் இருக்கிறது, சீனியும் இருக்கிறது. ஆசைக்கு ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு விருந்து

என் கதையின் மீதியைச் சொல்லவில்லையே. பாட்டி சொன்னபடி நான் முதன்முதலில் சுட்ட ரொட்டி நடுவில் பள்ளம் விழுந்து, கிணறு மாதிரி இருந்தது. பொறுமையில்லாமல் மூன்று முறை மூடியைத் திறந்து பார்த்தேன். பாட்டி கையைத் தட்டிவிட்டு, "அதைப் பாத்துக்கிட்டே இருந்தா வெந்துருமா? போயி துணியைத் தொவை" என்று விரட்டினார். இரண்டாவது முறை துணி துவைக்கப் போய்விட்டேன். ரொட்டி எழுந்து நின்றது.

1977இல் வகுப்பு விருந்து வந்தபோது, முதல்நாள் இரவே சுட்டுவைத்தேன். நான் வெளிக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகும் அதே தூக்குச்சட்டியில் சுட்டு, அதிலேயே வைத்துக் கொடுத்தனுப்பினேன். மழை பெய்தாலும், பஸ்ஸில் இடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மகள் வாங்கிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வயதுப் பிள்ளைக்குத் தூக்குச்சட்டி ஏந்திப் பட்டணத்துப் பள்ளிக்குப் போவது சிரமம்தான்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். தூக்குச்சட்டியில் இரண்டே துண்டு இருந்தது. ஒன்று தம்பிக்கு, இன்னொன்று எனக்கு. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அடுத்த தடவை கச்சான் கொஞ்சம் கூடப் போடும்மா" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த லயம் இன்று இல்லை. பாட்டியும் இல்லை. மகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் வீட்டில் பெரிய அவன் இருக்கிறது. ஆனாலும் இந்த ரொட்டியை அவள் இன்னும் தூக்குச்சட்டி அடுக்கில்தான் சுடுகிறாள்.

பேராக்கிலிருந்து எழுதிய தங்கையே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: கடனுக்குக் கேக் வாங்க வேண்டாம். நாளை மறுநாளே ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். முதல் ரொட்டி சரியாக வராமல் போகலாம். அதற்காகத்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன். மகளையும் அடுப்பண்டை உட்காரவைத்து, பழம் நசுக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். தன் கையால் செய்ததை எடுத்துப்போகும் பிள்ளைக்கு வயிற்றுவலி வராது.

எப்படி வந்தது என்று எழுதுங்கள். குழி விழுந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா